ஸ்ரீராமபுரத்துல பூட்டிக் கிடந்த கார்மென்ட் கட்டடம் பத்து வீடு ஆனது: ஒரு நிகழ்வு ஆய்வு

இது பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல 2024 ஜனவரில இருந்து 2025 கடைசி வரைக்கும் நடந்த ஒரு வேலையோட பதிவு. நான் சின்ன சின்ன கட்டட கான்ட்ராக்ட் எடுத்து செய்ற சைட் இன்ஜினியர், இந்த வேலைல பிளானும் என்னோடது, மேற்பார்வையும் என்னோடது, அதனால தப்புலயும் பெரிய பங்கு என்னோடதுதான். ஆளுங்க பேரு, தெரு பேரு எதுவும் போடல. காலி கட்டடத்தை வீடா மாத்தலாமான்னு யோசிக்கிற ஓனருங்க, மேஸ்திரிங்க, அசோசியேஷன்காரங்க யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

பின்னணி

ஸ்ரீராமபுரம் தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. மில்லு வேலைக்குன்னு தருமபுரி, வடாற்காடு பக்கத்துல இருந்து தாத்தா காலத்துல வந்து இறங்கின தமிழ் ஆளுங்க நிறைய பேர் இங்கதான். பின்னி மில்லும் இல்ல ராஜா மில்லும் இல்ல, ராஜா மில்லு நின்ன இடத்துல இப்ப மந்திரி மால் நிக்குது. மில்லு போனதும் பொம்பளைங்க கார்மென்ட்ஸ் போனாங்க, ஆம்பளைங்க ஆட்டோ, பெயின்டிங், மார்க்கெட்டுன்னு போனாங்க. 2014 மார்ச்ல மெட்ரோ வந்து நம்ம ஏரியாவுக்கே ஒரு ஸ்டேஷன் கிடைச்சது, அதுக்கப்புறம் வாடகை ஏற ஆரம்பிச்சது இறங்கவே இல்ல. 2024ல ஒரு சாதாரண ஒன் பிஹெச்கே 12,000, 13,000ன்னு சொன்னாங்க, அட்வான்ஸ் பத்து மாச வாடகை.

கட்டடம் 40க்கு 60 அடி சைட்ல கிரவுண்டும் மேல ரெண்டு மாடியும். தொண்ணூறுகள்ல கட்டினது, பிளான் சாங்ஷன் இருக்கு, ஓசி (கட்டி முடிச்சதும் குடியேறலாம்னு தர்ற சான்று) வாங்கல, அந்தக் காலத்துல இந்தப் பக்கம் யாரு வாங்கினாங்க. ஓனர் ஒரு வயசான அம்மா, தையல் மெஷின் ரெண்டுல ஆரம்பிச்சு நாப்பது மெஷின் வரைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினவங்க. 2020 லாக்டவுன்ல ஆர்டர் நின்னுச்சு, அடுத்த வருஷம் மெஷினை வித்தாங்க, ஷட்டர் இறங்கினது இறங்கினதுதான். குடவுனுக்கு மொத்த கட்டடத்தையும் 55,000க்கு கேட்டு ஒருத்தர் வந்தாரு, லாரி திரும்பாதுன்னு போயிட்டாரு. அதுக்கப்புறம் புறாதான் குடியிருந்துச்சு.

அதே தெருவுல இருந்து நடக்கிற தூரத்துல ரயில்வே லைன் ஓரமா ஷீட் வீட்டுல 4,500, 5,000 குடுத்துட்டு இருந்தவங்க நிறைய. அந்த அம்மாகிட்ட முன்னாடி வேலை பாத்த ஒரு அக்காதான் முதல்ல கேட்டது: "அம்மா, மேல ஒரு மூலைய தடுத்துக் குடுங்க, நாங்க இருந்துக்கறோம்." எல்லாம் தொடங்கினது அந்த ஒரு பேச்சுலதான்.

முதல்ல பாத்தது

2024 ஜனவரில நான் போய் டேப் போட்டேன். கட்டடம் 34 அடி அகலம், 50 அடி நீளம், மாடிக்கு சுமார் 1,700 சதுர அடி. நடுவுல தூணு, மத்தபடி ஒரே ஹாலு. ஓனரோட பெரிய பையன் கூட இருந்தாரு, அவர் முன்னாடியே நான் பேப்பர்ல கோடு போட்டு மாடிக்கு அஞ்சு வீடு, மொத்தம் பதினஞ்சுன்னு சொல்லிட்டேன். அந்த பதினஞ்சு அவர் மனசுல உக்காந்துடுச்சு, கடைசி வரைக்கும் எழுந்திருக்கல. முதல் நாளே எண்ணிக்கை சொன்னது என் முதல் தப்பு.

ஏன்னா நான் அளந்தது தரையை மட்டும்தான். ரெண்டு பக்கமும் 3 அடி சந்து, அந்தப் பக்கம் அடுத்தவங்க சுவரு. வெளிச்சம் வர்றது முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும். நடுவுல ஒரு இருபது அடிக்கு பகல் 12 மணிக்கும் டார்ச் அடிக்கணும், யூனிட் ஓடினப்போ ட்யூப்லைட் இருந்ததால யாருக்கும் தெரியல. ஒவ்வொரு மாடிக்கும் மாடிப்படி பக்கத்துல ஒரே ஒரு டாய்லெட், அதுக்கு ஒரு கழிவு பைப்பு, அவ்வளவுதான். நாப்பது பேர் பகல்ல எட்டு மணி நேரம் இருந்துட்டு போறதுக்கு அது போதும், குளிக்கணும் சமைக்கணும் துணி துவைக்கணும்னா அது வேற கட்டடம்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர கூட்டிட்டு போனேன், ஃபீஸ் 40,000, ஓனர் பையனுக்கு முகம் சுருங்கிச்சு, ஆனா இந்த மொத்த வேலைலயும் அதைவிட பிரயோஜனமான செலவு வேற இல்ல. அவர் சுத்தியல் டெஸ்ட் எடுத்தாரு, ரெண்டு தூண்ல பூச்சை உடைச்சு கம்பி துருவை பாத்தாரு. அவர் சொன்னதை என் பாஷைல சொல்றேன். கட்டட பாரத்துக்கான இந்திய தரவிதி ஐஎஸ் 875 கணக்குப்படி வீட்டுத் தளத்துக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் பாரம் எடுத்துக்கணும், லைட் ஃபேக்டரின்னா 5. அதனால ஆளுங்க பாரம் குறையுது, அது நல்லது. ஆனா ஃபேக்டரில இல்லாத சுவர் பாரம் புதுசா வருது. பீமுக்கு மேல சுவர் வந்தா பரவால்ல, பீம் இல்லாத இடத்துல வெறும் ஸ்லாப் மேல நம்ம ஊரு சாலிட் பிளாக் வச்சு கட்டினா தப்பு. ஏஏசி பிளாக் (உள்ள காத்து குமிழி இருக்கற லேசான கான்கிரீட் கல்லு) போடுங்க, எடை மூணுல ஒரு பங்குதான் வரும்னாரு. விலை கூட, ஆணி அடிச்சா நிக்காதுன்னு மேஸ்திரி முணுமுணுத்தாரு. ஆணி விஷயத்துல மேஸ்திரி சொன்னது சரிதான், இப்பவும் குடித்தனக்காரங்க சாமி படம் மாட்ட முடியலன்னு திட்டுறாங்க.

பிஜியா, ஃபேமிலியா

பிப்ரவரில பிஜி, அதாவது பெட் கணக்குல வாடகைக்கு விடற ஹாஸ்டல், நடத்துறவர் ஒருத்தர் வந்து மாசம் 1,10,000 தர்றேன், 60 பெட் போடறேன், ரிப்பேர் பாதி என்னோடதுன்னாரு. நியாயமா பாத்தா எந்த ஓனரும் தலையாட்டிடுவாங்க. பையன் தலையாட்டிட்டாரு. அந்த அம்மா மட்டும் ஒரு மாசம் பொறுன்னாங்க.

அந்த ஒரு மாசத்துலதான் 2024 மார்ச் வந்துச்சு. பெங்களூருல இருந்தவங்களுக்கு அது ஞாபகம் இருக்கும், போர்வெல் எல்லாம் காத்து வாங்கினப்போ அரசாங்கம் டேங்கருக்கு விலை கட்டிச்சு, 5 கிலோமீட்டருக்குள்ள 6,000 லிட்டர் 600 ரூபா, 12,000 லிட்டர் 1,000 ரூபான்னு. அந்த விலைக்கு எங்க தெருவுக்கு வந்த டேங்கரை நான் பாக்கல. நம்ம கட்டடத்துல போர் கிடையாது, காவேரி தண்ணி மட்டும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்பதான் சம்ப் (தரைக்கு அடியில இருக்கற தண்ணித் தொட்டி) மூடியை திறந்து அளந்தேன். 8,000 லிட்டர். மேல டேங்க் 3,000. மொத்தம் 11,000.

கணக்கு இதுதான், இதை யாரும் போட்டுப் பாக்கறதில்ல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கட்டட விதி எடுத்துக்குது. பிஜில 60 பேர்னா ஒரு நாளைக்கு 8,100, ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணின்னா 16,200 லிட்டர் புடிச்சு வைக்கணும். நம்மகிட்ட இருக்கறது 11,000. பதினஞ்சு வீடு, வீட்டுக்கு நாலு பேர்னாலும் அதே 60 பேர், அதே 16,200. பத்து வீடு, 40 பேர்னா 10,800. இடிச்சு புடிச்சு சரியா நிக்குது. சம்பை பெருசாக்கலாம்னா தூணோட அஸ்திவாரம் பக்கத்துலயே இருக்கு, தோண்டக்கூடாதுன்னு இன்ஜினியர் கண்டிப்பா சொல்லிட்டாரு.

அதனால பிஜியை நான் வேண்டாம்னு சொன்னது நல்ல மனசால இல்ல, சம்பாலதான். அந்த அம்மா வேண்டாம்னு சொன்னதுக்கு காரணம் வேற, அவங்க என்கிட்ட சொல்லல, நானும் கேக்கல. நாங்க முடிவு பண்ணி நாலு மாசம் கழிச்சு, ஆகஸ்ட்ல, அப்போ மாநகராட்சியா இருந்த பிபிஎம்பி பிஜிக்கு விதி போட்டுச்சு, ஒரு ஆளுக்கு 70 சதுர அடி, 135 லிட்டர் தண்ணி, கேமரா, எல்லாம். அந்தக் கணக்குல அந்த பிஜிக்காரர் சொன்ன 60 பெட்டு தேறியிருக்காது. அது எங்க புத்திசாலித்தனம் இல்ல, தானா அமைஞ்சது.

பையன் நடுவுல கவர்மென்ட் உதவி கிடைக்குமான்னு அலைஞ்சாரு. 2020 ஜூலைல மத்திய அரசு காலி வீடுகளை வாடகை வீடா மாத்தற திட்டம் ஒண்ணு கொண்டு வந்தாங்க, சண்டிகர்ல 2,195 வீடும் சூரத்ல 393 வீடும் அப்படித்தான் ஆளுங்க கைக்கு வந்துச்சு. ஆனா அது அரசாங்கமே கட்டி காலியா விட்ட வீட்டுக்கு. தனியார் தன் நிலத்துல புதுசா கட்டறதுக்கு இன்னொரு வழி இருக்கு, அதுக்கு நம்ம சைட் எந்த மூலைக்கு. 2011 சென்சஸ்ல நாட்டுல நகரங்கள்ல மட்டும் 1.1 கோடி வீடு காலின்னு கணக்கு. நம்ம மாதிரி ஷட்டர் போட்ட யூனிட் அந்தக் கணக்குலயே வராது, ஏன்னா அது வீடே இல்ல.

ஓட்டை போடணும்னு முடிவு

நடு இருட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு நடுவை ஸ்டோர், பாத்ரூம்னு ஒதுக்கிட்டு ரயில் பெட்டி மாதிரி நீளமா வீடு போடறது. இன்னொண்ணு ஸ்லாப்பை வெட்டி மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு ஷாஃப்ட் விடறது. ரெண்டாவதுல இடம் போகும், காசு போகும், பயமும் உண்டு. ஆனா டாய்லெட் பைப்பு எல்லாம் எங்க இறக்கறதுங்கற கேள்விக்கும் அதுலயே பதில் இருந்துச்சு. டாய்லெட்டை ஷாஃப்ட்ல இருந்து தள்ளி வச்சா பைப்பு கீழ் வீட்டு சீலிங்குக்கு அடியில ஓடணும், இல்லன்னா தரையை ரொம்ப தூக்கணும். நாலு வீட்டு மூலையும் ஒரே ஷாஃப்டுக்கு வந்து சேர்ந்தா எல்லா டாய்லெட்டும் சுவர் தாண்டின உடனே பைப்புல விழும்.

அதனால மாடிக்கு அஞ்சு வீடு நாலாச்சு. கிரவுண்ட்ல பின்னாடி ரெண்டு வீடு, முன்னாடி மீட்டர் போர்டு, வண்டி நிறுத்த இடம், ஒரு ஹாலு. மொத்தம் பத்து. தண்ணி சொன்ன எண்ணும் வெளிச்சம் சொன்ன எண்ணும் ஒண்ணா வந்து நின்னுச்சு. பையன் மட்டும் "பதினஞ்சுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க"ன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டாரு.

வீடு ஒண்ணு சுமார் 300 சதுர அடி, ஒரு ஹாலு, ஒரு சின்ன ரூம், கிச்சன், டாய்லெட் பாத்ரூம் சேத்து. ஹால் ஒவ்வொண்ணும் 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 102 சதுர அடிக்கு குறையாம பாத்துக்கிட்டோம், ஆள் புழங்கற ரூமுக்கு தேசிய கட்டட விதி கேக்கற அளவு அது.

வேலை நடந்த விதம்

2024 ஜூன்ல ஆரம்பிச்சோம். ஷாஃப்டுக்கு 6க்கு 8 அடி, பீமை தொடாம ஸ்லாப் மட்டும். மேல் தளத்துல இருந்து கீழ் நோக்கி வெட்டினோம், பிரேக்கர் வச்சு இடிக்க விடல, டைமண்ட் பிளேடு மெஷின் வாடகைக்கு எடுத்து அறுத்தோம், ஓரத்துக்கு இரும்பு சேனல் கட்டினோம். பக்கத்து வீட்டு அண்ணன் மூணு நாள் வாசல்ல சேர் போட்டு உக்காந்து எங்க சுவர்ல விரிசல் வந்தா நீதான் பொறுப்புன்னு சொல்லிட்டே இருந்தாரு. வேலைக்கு முன்னாடியே அவர் சுவரை போட்டோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சிருந்தேன், அது பின்னாடி ஒரு சண்டையை தவிர்த்துச்சு.

டாய்லெட் தரையை 9 இஞ்ச் தூக்கினோம், ஃபேக்டரின்னதால சீலிங் 11 அடி உயரம், அதனால தலை இடிக்கல. வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும் ஒவ்வொரு டாய்லெட்லயும் ரெண்டு நாள் தண்ணி கட்டி விட்டு கீழ பாத்தோம், பத்துல மூணு கசிஞ்சுது, திரும்ப பண்ணோம். பிளம்பர் "எல்லா இடத்துலயும் ஒரு நாள்தான் சார் கட்டுவோம்"னாரு. கசிஞ்ச மூணுல ரெண்டு ரெண்டாவது நாள்தான் தெரிஞ்சுது.

தெருவுல இருக்கற யூஜிடி (பாதாள சாக்கடை) சேம்பருக்கு போற பழைய பைப்பு 4 இஞ்ச். பத்து வீட்டுக்கு பத்தாதுன்னு 6 இஞ்ச் மாத்த தண்ணி வாரியத்துக்கு, அதாவது ஜலமண்டலிக்கு எழுதி, ரோடு வெட்ட அனுமதி வாங்கி, அதுக்கே ஏழு வாரம். மழைக்காலம் வேற. தீபாவளிக்கு குடி வரலாம்னு சொன்னது 2025 பிப்ரவரிக்கு போச்சு.

காசு எங்கிருந்து வந்துச்சு

மொத்த செலவு 41 லட்சம். அந்த அம்மாவோட சேமிப்பு 14, நகைக்கடன் 6, பழைய ஜெனரேட்டரும் இரும்பும் வித்தது 1.5. பேங்க்ல கேட்டதுக்கு ஓசி இல்லாத கட்டடம்னு கதவை சாத்திட்டாங்க. மிச்சத்துக்கு நம்ம ஊரு வழி, லீஸ், அதாவது மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு வாடகை இல்லாம வீட்டை விட்டு, கடைசில அந்தத் தொகைய திருப்பிக் குடுக்கறது. மூணு வீட்டை வேலை நடந்துட்டு இருக்கும்போதே ஆளுக்கு 6 லட்சம், மூணு வருஷம், வாடகை இல்லன்னு குடுத்து 18 லட்சம் திரட்டினாங்க. பதினோரு மாச அக்ரிமெண்ட்னு ஏமாத்தாம மூணு வருஷத்துக்கும் ரிஜிஸ்டர் பண்ணணும்னு நான் புடிவாதமா நின்னேன், பண்ணாங்க.

மிச்ச ஏழு வீட்டுக்கு வாடகை 7,500. பெரிய விவாதம் வாடகைல இல்ல, அட்வான்ஸ்ல. பழக்கப்படி பத்து மாசம்னா 75,000. கேட்டு வந்த குடும்பம் 26, அதுல 75,000 கைல வச்சிருந்தவங்க நாலு பேர். மத்தவங்க சீட்டு எடுக்கணும், இல்லன்னா நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கணும். 75,000க்கு அஞ்சு வட்டின்னா மாசம் 3,750, அப்ப அந்த வீட்டோட நிஜ வாடகை 11,250, வெளில 12,000க்கு கிடைக்கற வீட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம். இந்தக் கணக்கை ஒரு காகிதத்துல போட்டு அந்த அம்மாகிட்ட காட்டினேன். மூணு மாசம் போதும்னாங்க. 22,500. ஏழு வீட்டுக்கு சுமார் 1.5 லட்சம், அதுவும் அந்த 41ல சேர்ந்துச்சு.

யாருக்கு குடுக்கறதுங்கறது இன்னும் கஷ்டம். ரெண்டு பௌரகார்மிகர் (தூய்மைப் பணியாளர்) குடும்பம் கேட்டாங்க, பையன் "அவங்கள வச்சா மத்தவங்க வரமாட்டாங்க"ன்னாரு. அந்த அம்மா "என் மெஷின்ல உக்காந்து தச்ச பொண்ணுங்ககிட்ட நீ யாருன்னு கேட்டா சேத்தேன்"னு ஒரு வார்த்தை சொன்னாங்க, ரெண்டு பேருக்கும் வீடு கிடைச்சுது. மிச்ச அஞ்சுல மூணு பழைய கார்மென்ட் தொழிலாளி குடும்பம், ஒண்ணு பூ மார்க்கெட்ல வேலை பாக்கறவங்க, ஒண்ணு பெயின்டர். லீஸ்க்கு வந்த மூணு பேரும் 6 லட்சம் வச்சிருந்தவங்க, அவங்கள ஏழைன்னு சொல்ல முடியாது. பத்துல மூணு வீடு அப்படிப் போச்சு, அது இல்லன்னா மிச்ச ஏழும் இல்ல.

குடி வந்தப்புறம்

மீட்டர் கதைதான் பெருசு. கட்டடத்துக்கு இருந்தது பழைய பவர் கனெக்‌ஷன் ஒண்ணு. பத்து வீட்டுக்கு பத்து ஆர்ஆர் நம்பர் (கரண்ட் கனெக்‌ஷன் நம்பர்) வாங்கினா ஒவ்வொரு வீட்டுக்கும் கர்நாடகா அரசோட கிருஹஜோதி இலவச கரண்ட் திட்டத்துல 200 யூனிட் வரைக்கும் கரண்ட் பில் இல்லாம போகும், வாடகை வீட்டுக்கும் அது உண்டு, 2023 ஜூலைல இருந்து. 26 குடும்பத்துக்கும் நான் அப்படித்தான் சொல்லி வச்சிருந்தேன். டெபாசிட் காசை கடைசில கட்டிக்கலாம்னு மனுவை தள்ளித் தள்ளிப் போட்டேன். 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஓசி இல்லாம கரண்ட், தண்ணி கனெக்‌ஷன் குடுக்கக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, 2025 வசந்தத்துல நாங்க மனு போடப் போனப்போ புது கனெக்‌ஷன் எல்லாம் நிறுத்திட்டாங்க. 2025 கடைசில கர்நாடகா அரசு சின்ன வீட்டுக்கு ஓசில இருந்து விலக்கு குடுத்துச்சு, ஆனா 1,200 சதுர அடி சைட் வரைக்கும்தான், அதாவது 30க்கு 40. நம்மது 40க்கு 60.

விளைவு, ஒரே மெயின் மீட்டர், உள்ள பத்து சப் மீட்டர். இலவச கரண்ட் யாருக்கும் இல்ல. மாசம் வீட்டுக்கு 500, 600 ரூபா கூடுதல். அதைவிட பெருசு சண்டை. மோட்டார் ஓடற கரண்ட், படிக்கட்டு லைட், ஹால்ல தையல் மெஷின், இதையெல்லாம் எப்படி வகுக்கறதுன்னு மாசாமாசம் பஞ்சாயத்து. பூ மார்க்கெட் அண்ணன் ஒரு நோட்டு வச்சு எல்லா ரீடிங்கும் எழுதி வாசல்ல ஒட்ட ஆரம்பிச்சப்புறம்தான் கொஞ்சம் அடங்கிச்சு.

அடுத்தது ஷாஃப்ட். மழை வரக்கூடாதுன்னு மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டு நாலு பக்கமும் அடைச்சுட்டோம். டாய்லெட் வென்டிலேட்டரும் கிச்சன் ஜன்னலும் ரெண்டும் அதே ஷாஃப்டுக்குள்ள திறக்குது. முதல் வாரமே ரெண்டாவது மாடி அக்கா போன் பண்ணி, "சார், கீழ் வீட்டுல கருவாடு வறுத்தா எங்க வீட்டுல சோறு வேண்டாம், மத்த நேரத்துல வர்ற வாசனைய நான் சொல்லமாட்டேன்"னாங்க. ஷீட்டை 2 அடி தூக்கி நாலு பக்கமும் திறந்து விட்டு, அடியில சந்துல இருந்து காத்து உள்ள வர ஒரு ஓட்டை போட்டோம். பெருமளவு சரியாச்சு, முழுசா இல்ல. சிலிண்டர் வைக்கற கிச்சனை அடைச்ச ஷாஃப்டு பக்கம் திறந்து விட்டது பாதுகாப்புக்கும் தப்புன்னு நான் அப்புறம்தான் யோசிச்சேன்.

தண்ணி கணக்கு மட்டும் பொய்யாகல. 2025 கோடைல ஒரு டேங்கர் கூட வாங்கல. மோட்டார் காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு நேரம் வச்சிருக்காங்க.

கிரவுண்ட் ஹாலை மூணு பொம்பளைங்க சேர்ந்து 9,000 வாடகைக்கு எடுத்து நைட்டி, ஸ்கூல் யூனிஃபார்ம் ஜாப் ஒர்க் பண்றாங்க, மூணு பேரும் மேலயே குடியிருக்கறவங்க. இது என் பிளான்ல இல்ல, மாடில மெஷின் வச்சா சத்தம்னு சண்டை வந்து அவங்களே கண்டுபுடிச்ச வழி.

பௌரகார்மிகர் குடும்பத்துல ஒண்ணு அஞ்சாவது மாசம் காலி பண்ணிட்டாங்க. வேலை செய்ற வார்டுக்கு தூரம்னு காரணம் சொன்னாங்க. மொட்டை மாடில துணி காயப் போடற கொடில இருந்து ஆரம்பிச்ச பேச்சு ஒண்ணு இருந்துச்சுன்னு அப்புறம் வேற ஆளுங்க சொல்லித் தெரிஞ்சுது. அந்த அட்வான்ஸை அந்த அம்மா மறுநாளே முழுசா திருப்பிக் குடுத்தாங்க, பெயின்டிங்குன்னு ஒரு மாச வாடகைய புடிக்கற பழக்கத்தையும் விட்டுட்டாங்க. ஆனா அந்த வீட்டுக்கு அடுத்து வந்தவங்க பௌரகார்மிகர் இல்ல. நான் அளந்தது எல்லாம் அடி, இஞ்ச், லிட்டர்ல. இந்த விஷயம் அந்த டேப்புக்கு சிக்கல, முன்னாடியே எல்லாரையும் உக்கார வச்சு மொட்டை மாடி யாருக்கு எப்பன்னு பேசியிருக்கணுமோன்னு இப்ப தோணுது, பேசியிருந்தா மட்டும் மாறியிருக்குமான்னும் தோணுது.

ஓனர் பக்கத்து கணக்கு

மாச வருமானம் ஏழு வீடு 52,500, ஹாலு 9,000, சேத்து 61,500. பிஜிக்காரர் சொன்னதுல பாதிக்கு கொஞ்சம் மேல. அதுல நகைக்கடன் வட்டி சுமார் 5,000. லீஸ் பணம் 18 லட்சத்தை மூணு வருஷத்துல திருப்பணும்னா மாசம் 50,000 எடுத்து வைக்கணும். மிச்சம் 6,500. நிஜத்துல யாரும் அப்படி எடுத்து வைக்கறதில்ல, அடுத்த லீஸ்காரர்கிட்ட வாங்கி முந்தினவருக்கு குடுக்கறதுதான் பெங்களூரு வழக்கம், ஏரியா ரேட்டு விழாத வரைக்கும் அது ஓடும். இந்த அம்மா மாசம் 30,000 தனி கணக்குல போடறாங்க, 36 மாசத்துல 10.8 லட்சம் வரும், ஒரு லீஸை மூடும், ரெண்டாவதுக்கு 1.2 லட்சம் குறையும், மூணாவது அப்படியே நிக்கும். மூணையும் மூடினா மூணு வீடும் வாடகைக்கு வரும்னு கணக்கு. 2028ல தெரியும்.

மறுபடி செஞ்சா

மீட்டர் மனுவை முதல் வாரமே போடுவேன், டெபாசிட்டுக்கு கடன் வாங்கியாவது. 2024 ஜனவரில போட்டிருந்தா பத்து ஆர்ஆர் நம்பரும் கிடைச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு, அந்த ஒரு சோம்பலுக்கு பத்து குடும்பம் மாசாமாசம் காசு கட்டுது. டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடி சம்பு, யூஜிடி, கழிவு பைப்பு மூணையும் பாப்பேன், அதுக்கப்புறம்தான் ஓனர் முன்னாடி எத்தனை வீடுன்னு வாயத் திறப்பேன். கிச்சன் எல்லாம் வெளிச்சுவர் பக்கம், ஷாஃப்டுக்கு டாய்லெட் மட்டும். முன்பக்க வீட்டுல அதுக்கு ஹாலை மாத்தி வச்சா போதும், இடம் இருந்துச்சு, பைப்பு நீளம் மிச்சம் பண்ணப் போய் செய்யாம விட்டேன். கிரவுண்ட்ல இருக்கற ஒரு வீட்டை வயசானவங்களுக்குன்னு முதல்லயே ஒதுக்குவேன், இப்ப அங்க இருக்கறது சின்ன வயசு லீஸ்காரர், முழங்கால் வலியோட இருக்கற ஒரு பாட்டி ரெண்டாவது மாடில.

லீஸை மூணுல இருந்து ஒண்ணாக்க முடியுமான்னு நிறைய யோசிச்சுப் பாத்தேன். ஓசி இல்லாத கட்டடத்துக்கு பேங்க் வராத வரைக்கும் 18 லட்சத்துக்கு வேற வழி எனக்கு தெரியல.

போன மாசம் லிங்கராஜபுரம் பக்கத்துல இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு, நர்சரி ஸ்கூல் நடந்த கட்டடம், மூணு வருஷமா காலி. எத்தனை வீடு வரும் சார்னு வாசல்லயே கேட்டாரு. முதல்ல சம்ப் மூடிய திறங்கன்னேன். துரு புடிச்சு திறக்கல, சனிக்கிழமை கடப்பாரையோட வரச் சொல்லியிருக்கேன்.